நாக்கு நின்ற இடத்திலேயே நின்றது

"ரீட் இறங்கிவிட்டது" என்று பைப் ஆர்கன் வாசிப்பவர்கள் அலுத்துக்கொள்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ரீட் என்பது பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழாய்; இறங்குவது அதன் சுருதி. வெயில் நாளில் இறங்கிவிட்டது என்பார்கள். குளிர் நாளில் ஏறிவிட்டது என்பார்கள். நானும் அதே வாக்கியத்தை அதே சலிப்போடு பல ஆண்டுகள் சொல்லிவந்தவன்தான். நடுத்தரமான ஓர் ஆர்கனில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு குழாய் வரிசைகளில் ஒன்றோ இரண்டோதான் ரீட் வகையைச் சேர்ந்தவை; ஆனால் சுருதி சேர்க்க வருகிறவரின் நேரத்தில் பெரும்பகுதியை அவையே தின்றுவிடும். ஒவ்வொரு வரிசையையும் ஒலிக்கவிட இழுக்கும் ஸ்டாப் குமிழ்களில் மற்றவற்றின் பெயரையெல்லாம் கறுப்பில் பொறித்துவிட்டு, ரீட் ஸ்டாப்களின் பெயரை மட்டும் சிவப்பில் பொறிக்கும் வழக்கம் பல ஆர்கன்களில் உண்டு. அதை எச்சரிக்கைப் பலகை என்று நான் கேலி செய்வேன். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஓர் ஆர்கனில் இரண்டு புதிய ஸ்டாப்களைப் பொருத்தியபோது மூன்று வாரம் எடுபிடியாக நின்றேன். அதன் பிறகு அந்தக் கேலி என் வாயில் வருவதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் ஒரு குறுகுறுப்பு மட்டும் வருகிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஆர்கன் குழாய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இயற்பியல் புத்தகத்தின் ஒலியியல் பாடம். ஒரு முனை மூடிய குழாய், இரு முனையும் திறந்த குழாய், கணு, எதிர்க்கணு, பக்கத்தில் ஒரு சூத்திரம். மூடிய குழாய் அதே நீளமுள்ள திறந்த குழாயைவிட ஓர் எண்மம் (ஸ்தாயி) கீழே ஒலிக்கும் என்பதையும், அதில் ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும் என்பதையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அந்தச் சூத்திரத்தில் ஒலியின் திசைவேகத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்று இருந்தது. அதை ஒரு மாறிலி போலவே கருதிக் கணக்குப் போட்டுவிட்டுத் தேர்வறையை விட்டு வெளியே வந்தேன். அந்த ஓர் எழுத்து பல ஆண்டுகள் கழித்து என்னைத் தலைகுனிய வைக்கும் என்று அப்போது தெரியாது.

இரண்டு வெற்றிடங்கள்

அந்த ஆர்கனைக் கட்டியவர்கள், பின்னாளில் வசதி வரும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று, குழாய்களைத் தாங்கும் காற்றுப்பெட்டியில் இரண்டு வரிசைகளுக்கான இடத்தை ஒதுக்கிவைத்திருந்தார்கள். வாசிப்பவர் உட்காரும் கன்சோலில் அவற்றுக்கான குமிழ்களும் இருந்தன. இழுத்தால் வரும், ஆனால் ஒன்றும் ஒலிக்காது. அந்த இடங்களுக்கு எட்டடி மூடிய ஃப்ளூட் ஒன்றும் எட்டடி டிரம்பெட் ஒன்றும் வாங்குவது என்று முடிவானது. என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். இரண்டையும் ஃப்ளூட்டாகவே வாங்குங்கள், ரீட் தலைவலி வேண்டாம் என்றேன். நல்லவேளையாக யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை.

பொருத்த வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஆர்கன் கைவினைஞர். என்னை முதல் நாளே "தம்பி" என்று அழைக்கத் தொடங்கியவர், கடைசிவரை என் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. முதல் மூன்று நாட்கள் ஒரு குழாயைக்கூடப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. காற்றுப்பெட்டியைத் திறந்து சுத்தம் செய்தோம், அவ்வளவுதான். ஆர்கனில் ஸ்டாப் என்ற சொல்லே, குழாய்களுக்குப் போகும் காற்றைத் தடுப்பது என்ற பொருளில் வந்தது. கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டைக்குரிய வால்வு திறந்து ஒரு தனி அறைக்குள் காற்று புகும். அந்த அறையின் மேல் நிற்கும் எல்லா வரிசைக் குழாய்களும் ஒலிக்கத் தயாராகிவிடும். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் நீளவாக்கில் ஓடும் ஒரு துளைப்பலகை, தன் துளைகளைக் குழாய்களின் அடித்துளைகளுக்கு நேராக நகர்த்தி வழிவிட்டால்தான் காற்று மேலே போகும். குமிழை இழுப்பது அந்தப் பலகையை நகர்த்துவதற்கு. 61 கட்டைகள், பலகையில் 61 துளைகள், மேலே 61 குழாய்கள்.

பல ஆண்டுகளாக அசையாமல் கிடந்த அந்த இரண்டு பலகைகளையும் வெளியே எடுத்தபோது துளைகளின் விளிம்பில் மரத்தூள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டியவர்கள் துளை போட்ட அன்று விழுந்த தூளாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர் அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, இதில் ஒரு துணுக்கு போதும், ஒரு டிரம்பெட் குழாய் ஊமையாகிவிடும் என்றார். எல்லாத் துளைகளையும் துடைத்து, உறிஞ்சி, பலகைகளைத் திரும்பப் பொருத்தி, குழாய் எதையும் மேலே ஏற்றி நிறுத்தாமலே துருத்தியை நிரப்பி, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி வெறும் காற்றை ஊதவிட்டோம். ஊதிய காற்று நம் முகத்தில் வந்து மோதும். அப்படிச் செய்யும்போது அடுத்த துளையின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். பலகைக்கும் காற்றுப்பெட்டிக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று பக்கத்துத் துளைக்குக் கசிந்து, அழுத்தாத கட்டையின் குழாய் முனகத் தொடங்கும். இரண்டு இடங்களில் கசிவு இருந்தது. அவற்றைச் சரிசெய்ய ஒரு முழு நாள் போயிற்று.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிய ஒரு சாதாரண அழுத்தமானியால் காற்றழுத்தத்தையும் பார்த்தார். 75 மில்லிமீட்டர் நீர்மட்டம். வாயால் ஊதினாலே அதைவிட அதிக அழுத்தம் தர முடியும். அவ்வளவு மென்மையான காற்றில்தான் ஓர் ஆர்கன் ஒரு மண்டபத்தை நிரப்புகிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி போர்டுவாக் ஹாலில் இருக்கும் 33,000 குழாய்களுக்கு மேற்பட்ட ராட்சத ஆர்கனில் சில ரீட் ஸ்டாப்கள் 100 அங்குல, அதாவது 2,540 மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில் இயங்குபவை. அதையெல்லாம் பற்றிக் கேட்டால் பெரியவர் முகம் சுளிப்பார். கத்துவதற்கும் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு அது என்பது அவர் கட்சி.

உதடும் வாயும்

ஃப்ளூட் முதலில் ஏறியது. புகைபோக்கி ஃப்ளூட் என்று சொல்லத்தக்க வகை அது: மூடிய குழாய்தான், ஆனால் மூடியின் நடுவில் மெல்லிய சிறு குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். முழுதாக மூடிய குழாயின் ஒலியில் இருக்கும் மந்தமான உருண்டைத்தன்மைக்கு அந்தச் சிறு குழல் மேலே ஒரு மெல்லிய ஒளியைப் பூசுகிறது. கீழ் எண்மத்தின் 12 குழாய்கள் மட்டும் மரம். மேலே மூடி வைத்த, தோல் சுற்றிய அடைப்பான் கொண்ட சதுரப் பெட்டிகள். எட்டடித் திறந்த குழாயின் சுருதியைத் தருவதால் எட்டடி ஸ்டாப் என்று பெயர் என்றாலும், மூடியவை என்பதால் மிகப் பெரியதுகூட ஏறத்தாழ நான்கடி உயரம்தான். அதே 65 ஹெர்ட்ஸ் ஒலிக்கு டிரம்பெட் வரிசையில் எட்டடியை நெருங்கும் உலோகக் கூம்பு வேண்டும். ஒரே கட்டைக்குரிய இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்த்தபோது, ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது.

புல்லாங்குழல் வாசிப்பவர் தன் உதட்டைக் குவித்து, காற்றைத் தகடு போல மெல்லியதாக்கித் துளையின் விளிம்பில் மோதவிடுகிறார். ஃப்ளூட் குழாயிலும் நடப்பது அதுதான். உதடு மட்டும் உலோகத்தில் நிலையாகச் செய்யப்பட்டிருக்கிறது. குழாயின் பாதம் வழியே ஏறும் காற்று, கீழுதட்டுக்கும் உள்ளே கிடைமட்டமாக இருக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பிளவு வழியாகத் தகடாக வெளிவந்து மேலுதட்டைத் தொடுகிறது. குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தூண் அந்தத் தகட்டை உள்ளும் வெளியும் ஆட்டத் தொடங்குகிறது. இங்கே அதிர்வது காற்று மட்டுமே. உலோகமோ மரமோ அதற்கு ஒரு வீடு, அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை அன்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். எழுதியதன் பொருள் எனக்கு அப்போது முழுதாக விளங்கியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

குழாய்களை நிறுத்துவது பார்ப்பதற்கு எளிய வேலை. காற்றுப்பெட்டிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மெல்லிய தாங்குபலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு குழாய்க்கும் அதன் பாதத்தின் பருமனுக்கேற்ற துளை. பாதத்தின் நுனி கீழ்த்துளையில் உட்கார வேண்டும், பாதத்தின் மேற்பகுதியைத் தாங்குபலகை அணைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்தால் குழாயின் எடை கீழே இறங்காமல் நுனியில் காற்று கசியும்; தளர்ந்திருந்தால் குழாய் சாய்ந்து நின்று கிணுகிணுக்கும். கைப்பொருத்தம் வரும்வரை துளையைச் சீவிச் சீவி விரிவாக்கினோம். குழாய்களை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. விரல் ரேகை படியும் என்பதற்காக என்று நினைத்தேன். அதுவும் உண்டு, ஆனால் பெரியவர் சொன்ன முதல் காரணம், கைச்சூடு பட்டால் சுருதி ஏறிவிடும் என்பது. ஒரு சின்னக் குழாயைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துவிட்டு ஒலிக்கவிட்டுக் காட்டினார். ஏறியிருந்தது. ஒரு நிமிடம் காத்திருந்ததும் இறங்கி வந்து தன் இடத்தில் நின்றது. வித்தை காட்டுபவரைப் பார்ப்பது போல நான் ரசித்துச் சிரித்தேன்.

குரல் பண்படுத்துவது வேறு உலகம். குழாய்கள் பட்டறையிலேயே பாடப் பழகித்தான் வருகின்றன. என்றாலும் மண்டபத்தில் நிறுத்தியதும் ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் பேசும். ஒன்று பேசத் தயங்கும். ஒன்று தன் சுரத்தை விட்டுத் தாவி, மூடிய குழாய் என்பதால் எண்மத்துக்குப் போகாமல் அதற்கும் மேலே பஞ்சமத்தில் போய் நிற்கும். உள்தட்டை ஒரு மெல்லிய கம்பியால் மேலிருந்தோ கீழிருந்தோ ஒரு தட்டு தட்டினால் காற்றுத் தகட்டின் திசை மாறும். மேலுதட்டை உயர்த்தி வெட்டினால் ஒலி இன்னும் மென்மையாகும். ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் அந்தக் கத்தியை எடுப்பதற்கு முன் அவர் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மூடி பற்றவைக்கப்பட்ட குழாய்களின் சுருதியை மாற்றும் வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது: வாயின் இரு பக்கமும் மெல்லிய ஈயக் காதுகள் இருக்கும், அவற்றை வாயை நோக்கி வளைத்தால் சுருதி இறங்கும், விலக்கினால் ஏறும். காதைத் திருகிச் சுருதி சேர்க்கும் வாத்தியம் என்று பெரியவரிடம் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

கம்பிக்குக் கீழே

டிரம்பெட் வரிசைக்குக் காற்றுப்பெட்டியில் ஒதுக்கியிருந்த இடம் நடைபலகைக்கு மிக அருகில், ஓரமாக. ரீட் வரிசைகளைப் பெரும்பாலும் அப்படித்தான் வைப்பார்கள். அடிக்கடி கை போக வேண்டியிருக்கும் என்பதால். இதுவும் அப்போது என் வாதத்துக்குச் சாட்சியாகவே பட்டது.

ரீட் குழாயைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்கு அதன் எளிமை வியப்பைத் தரும். கீழே காலணி போன்ற ஓர் உறை. அதற்குள் ஒரு ஈயக் கட்டியில் செருகிய, பக்கவாட்டில் திறந்த சிறு பித்தளைக் குழல்; ஷாலட் என்பார்கள். அந்தத் திறப்பின் மேல் படிந்து நிற்கும் மெல்லிய பித்தளை நாக்கு, மேல் முனையில் மர ஆப்பால் இறுக்கப்பட்டு, கீழ் முனை விடுதலையாக. நாக்கு நேரானது இல்லை. கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் ஒரு வளைவு அதில் இருக்கிறது. காற்று வந்ததும் நாக்கு ஷாலட்டின் வாயை மூடும், தன் மீள்விசையால் திரும்பத் திறக்கும், மறுபடி மூடும். மேலே நிற்கும் நெடிய கூம்பு அந்த அதிர்வை வாங்கி, பட்டை தீட்டி, டிரம்பெட்டாக வெளியே விடுகிறது. கூம்புக்குப் பதில் நேர் உருளையை வைத்தால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் ஓங்கி, கிளாரினெட்டின் மூக்கொலி வரும். ஹார்மோனியத்தின் ரீட் தன் சட்டத்தின் துளைக்குள் போய்வரும். இது அறைந்து மூடும். அந்த அறைதலில்தான் இதன் முழக்கம் இருக்கிறது.

நாகசுரத்தின் சீவாளியை அறிந்தவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். சீவாளியை உதட்டால் கவ்வியும் தளர்த்தியும் வாசிப்பவர் சுருதியைப் பிடிக்கிறார். இங்கே உதடு இல்லை. அதற்குப் பதிலாக, நாக்கின் மேல் அழுந்தி நிற்கும் ஒரு வளைந்த கம்பி உண்டு. அதன் தலை உறைக்கு வெளியே கொக்கியாக நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியைக் கீழே தட்டினால் நாக்கின் அதிரும் பகுதி குறுகிச் சுருதி ஏறும். மேலே தட்டினால் இறங்கும். தட்டுவதற்கென்றே கனமான, மழுங்கிய இரும்புப் பட்டை ஒன்று உண்டு. கத்தி என்று அழைத்தாலும் அதற்குக் கூர்மை கிடையாது.

நாக்கின் வளைவை அவர் சரிசெய்த அந்த நான்கு நாட்களைப் பற்றி மட்டுமே தனியாக எழுதலாம். மழமழப்பான ஒரு கட்டையின் மேல் நாக்கை வைத்து, உருண்டையான எஃகுத் தண்டால் ஒரே சீராக அழுத்தி இழுப்பார். வளைவு கூடினால் குழாய் பேசத் தாமதிக்கும். குறைந்தால் சன்னமாகக் கீச்சிடும், அல்லது பேசாமலே ஷாலட்டில் ஒட்டிக்கொள்ளும். வளைவில் எங்காவது ஒரு சிறு முடிச்சு விழுந்தால் ஒலியில் ஒரு கரகரப்பு நிலையாகத் தங்கிவிடும். ஊமையாக நின்ற ஒரு குழாயை எடுத்துவந்து, நாக்குக்கும் ஷாலட்டுக்கும் நடுவில் ஒரு சுத்தமான தாளை நுழைத்து மெல்ல இழுத்தார். தாளில் ஒட்டியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துகள். மூன்று நாள் துடைத்தும் ஒன்று தப்பிவிட்டது. ஸ்பெயின் நாட்டு ஆர்கன்களில் டிரம்பெட் குழாய்களை முகப்பிலிருந்து கிடைமட்டமாக, பீரங்கி வரிசை போல நீட்டிவைக்கிறார்கள். முழக்கம் நேராகக் கேட்பவர்மேல் விழும் என்பதோடு, வாய்வழியே தூசி விழாது என்ற ஆதாயமும் அதில் உண்டு. நம்முடையவை நிமிர்ந்து நிற்பவை. கூம்புகள் தங்கள் எடையிலேயே காலப்போக்கில் மடங்காதிருக்க ஒவ்வொன்றையும் நாடாவால் மேல்சட்டத்தில் கட்டினோம்.

அந்தப் பிற்பகல்

கடைசி வார வியாழக்கிழமை காலை எல்லாம் ஒன்றுசேர்ந்தது. முதலில் நாலடித் தலைமை வரிசையைச் சரிபார்த்து, அதனோடு மற்ற வரிசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஃப்ளூட்டை முடித்து, கடைசியில் டிரம்பெட். நான் கன்சோலில் உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொள்வேன். அவர் உள்ளேயிருந்து "அடுத்தது" என்பார். இரண்டு குழாய்கள் ஏறத்தாழ ஒரே சுருதியில் நெருங்கும்போது எழும் விம்மல் மெதுவாகி, நீண்டு, ஓர் இடத்தில் அடங்கிப்போகும். அந்த அடக்கத்தை 61 முறை கேட்டேன். மதியத்துக்கு முன் பெரியவர் கிளம்பிப் போனார். மறுநாள் வந்து கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

அன்று பிற்பகல் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகை இருந்தது. கதவுகளை மூடி, விளக்குகளை எல்லாம் போட்டு, அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் அவர்கள் கலைந்ததும் புதிய ஸ்டாப்களைக் கேட்கும் ஆசையில் ஃப்ளூட்டையும் டிரம்பெட்டையும் சேர்த்து இழுத்து நடு ஏ (A) கட்டையை அழுத்தினேன். விம்மல். காலையில் கண்ணாடி போல நின்ற அந்த ஒலியில் நொடிக்கு நான்கைந்து அலைகள். ஃப்ளூட்டுடன் தலைமை வரிசையை இழுத்தேன். இரண்டும் ஒட்டி நின்றன. மற்ற வரிசைகளையும் இழுத்தேன். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. டிரம்பெட் மட்டும் தனியாக, கீழே. பத்துப் பேர் ஒரு பக்கம் நிற்க ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் நின்றால் தவறு யாருடையது என்று கேட்கக்கூடத் தோன்றாது. ஒரு நாள்கூடத் தாங்கவில்லையே இந்த ரீட் என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி வந்ததை மறைக்க விரும்பவில்லை. நான் சொன்னது சரியாகப் போயிற்றே!

அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வாரம் பார்த்த வேலைதானே என்ற துணிச்சலில் நண்பர் ஒருவரைக் கன்சோலில் உட்காரவைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு நடைபலகையில் ஏறினேன். நடுவிலுள்ள இரண்டு எண்மங்கள், 25 குழாய்கள். ஒவ்வொன்றின் கம்பியையும் மெல்ல, மிக மெல்லக் கீழே தட்டினேன். விம்மல் மெதுவாகி அடங்கியது. இரண்டு மணி நேரம். இறங்கி வந்து வாசித்துப் பார்த்தபோது எல்லாம் மறுபடி கண்ணாடியாக இருந்தது. பெரியவருக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவர் டிரம்பெட்டை இழுத்து ஒரு கூட்டுச்சுரத்தை அழுத்தியதும் எழுந்த ஓசையை ஊளை என்றுதான் சொல்ல வேண்டும். நடு எண்மங்கள் மேலே நிற்க, நான் தொடாத கீழ்ப்பகுதியும் உச்சியும் காலையில் சேர்த்த இடத்திலேயே நின்றன. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், அவரோ, "நேற்று மாலை உள்ளே எத்தனை டிகிரி, தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை.

அன்று முழுவதும் அவர் ஊருக்குப் போகவில்லை. முதலில் நான் கெடுத்த 25 குழாய்களையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். குழாய்களுக்கு நடுவே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார், 20 டிகிரி. சுருதிமானியை வைத்து ஃப்ளூட்டின் நடு ஏ, டிரம்பெட்டின் நடு ஏ இரண்டையும் அளந்து எழுதச் சொன்னார்: 440, 440. பிறகு கதவுகளை மூடி, எல்லா விளக்குகளையும் போடவைத்து, வெப்பமூட்டியையும் ஓடவிட்டு, என்னை வெளியே அழைத்துக்கொண்டுபோய் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார். சில மணி நேரம் கழித்துத் திரும்பியபோது வெப்பமானி 26 காட்டியது. நடு ஏ-வை அழுத்தினேன். நேற்று கேட்ட அதே விம்மல். சுருதிமானியை என் கையிலேயே கொடுத்தார். ஃப்ளூட் 444-க்கும் சற்று மேலே நின்றது. டிரம்பெட்டை இழுத்தேன். முள் 440-இலிருந்து அசைந்தும் அசையாமலும் நின்றது.

"நகர்ந்தது யார்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தின் சூத்திரமும், அதில் நான் மாறிலியாக எண்ணிய அந்த எழுத்தும், கையில் பொத்தி வைத்த சின்னக் குழாயும், குறிப்பேட்டில் எழுதிய வாக்கியமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஃப்ளூட்டில் அதிர்வது காற்று மட்டுமே. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும். குழாயின் நீளம் மாறாதபோது சுருதி ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு. ஆறு டிகிரிக்கு 18. தலைமை வரிசையும் மற்ற எல்லாமும் அதே இனம் என்பதால் எல்லாம் சேர்ந்து, ஒன்றையொன்று பிரியாமல், மேலே போயிருக்கின்றன. டிரம்பெட்டின் சுருதியை நிர்ணயிப்பதோ முக்கியமாகப் பித்தளை நாக்கின் நீளமும் தடிமனும் விறைப்பும். ஆறு டிகிரி சூட்டில் பித்தளையின் விறைப்பு மாறுவது மிகச் சொற்பம். நாக்கு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. நான்தான் முந்தின நாள் மாலை, அசையாமல் நின்ற ஒன்றைப் பிடித்து, நகர்ந்துபோன கூட்டத்தோடு சேர்த்துவிட்டு, சரிசெய்துவிட்டதாக நினைத்துத் தூங்கியிருக்கிறேன்.

நிரபராதி என்று சொல்லலாமா

இதை அறிந்ததும் நான் ரீட் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவற்றை முழு நிரபராதி என்று சொல்வதும் உண்மையாகாது. மேலே நிற்கும் கூம்புக்குள்ளும் காற்றுத்தூண்தான் இருக்கிறது. அது சூட்டில் ஏற விரும்பும். நாக்கைத் தன்னோடு கொஞ்சம் இழுக்கவும் பார்க்கும். நீண்ட கூம்பு உள்ள டிரம்பெட்டில் இந்த இழுப்பு ஓரளவு உண்டு. குட்டையான குழல் கொண்ட வோக்ஸ் ஹுமானா போன்றவற்றில் மிகக் குறைவு. அதனால்தான் ஒரு மண்டபம் சூடாகும்போது, ஒரே ஆர்கனிலுள்ள ரீட் வரிசைகளேகூட ஒன்றைப் போல மற்றொன்று நடந்துகொள்வதில்லை. கம்பி தளரும், தூசி விழும், ஆப்பு நழுவும். இவையெல்லாம் ரீட்டின் சொந்தக் குறைகள். என் 25 குழாய்களில் இன்னொரு கேட்டையும் செய்திருந்தேன். கூம்பின் நீளமும் நாக்கின் நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இடத்தில்தான் அவர் ஒவ்வொரு குழாயின் குரலையும் நிறுத்தியிருந்தார். நான் கம்பியை மட்டும் நகர்த்தியதில் சுருதி சேர்ந்தது, குரலின் நிறமும் அளவும் குழாய்க்குக் குழாய் மாறிப்போயின. நான் அதைக் கவனிக்கவே இல்லை. விம்மலை மட்டுமே கேட்கும் காதாக இருந்தேன்.

இருந்தும் நடைமுறை என் மாலைநேரக் குற்றத்தின் பக்கம்தான் நிற்கிறது என்பதே இதில் என்னை நெருடுவது. சூடான நாளில் நிகழ்ச்சி என்றால் என்ன செய்வார்கள்? டிரம்பெட்டைத்தான் ஏற்றுவார்கள். அந்த ஆர்கனில் ரீட் அல்லாத குழாய்கள் அறுநூறுக்கும் மேல், டிரம்பெட் 61. அறுநூறு குழாய்களின் காதையும் மூடியையும் விளிம்பையும் ஒவ்வொரு பருவமாற்றத்துக்கும் தொட்டால் மென்மையான ஈயக்கலவை சில ஆண்டுகளில் கிழிந்து நைந்துவிடும். கம்பியோ தட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. கூட்டத்தை அழைத்துவருவதைவிட ஒருவனை நகர்த்துவது எளிது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நகர்த்துவது ஒன்று. அவன்தான் வழிதவறினான் என்று பேர்கட்டுவது வேறொன்று. "ரீட் இறங்கிவிட்டது" என்ற சொற்றொடர் இரண்டாவதைச் செய்கிறது. ஆர்கனின் வரலாறு முழுக்க, கேட்பவர் காதில் இந்தப் பழி அப்படியேதான் படிந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் அரிஸ்டீட் கவாயே-கோல் ரீட் வரிசைகளை ஆர்கனின் முதுகெலும்பாகவே ஆக்கிக் காட்டினார். பாரிஸின் சான்-சுல்பீஸ் தேவாலயத்தில் 1862-இல் அவர் முடித்த ஆர்கன் இன்றும் அதற்குச் சான்றாக ஒலிக்கிறது. இரட்டை நீளமுள்ள குழாயின் நடுவில் சிறு துளையிட்டு ஓர் எண்மம் மேலே தாவவைக்கும் ஹார்மானிக் ஃப்ளூட்டைத் தன் கருவிகளில் நிலைநிறுத்தியவரும் அவரே. இரண்டு இனத்தையும் அப்படி ஒருசேர நேசித்தவரின் கருவியிலும் மண்டபம் சூடானால் ஃப்ளூட் ஏறத்தான் செய்யும், நாக்கு நிற்கத்தான் செய்யும்.

பெரியவர் கிளம்பும் முன் காற்றுப்பெட்டி அறையின் கதவின் உட்புறத்தில் பென்சிலால் தேதியையும் 20 டிகிரி என்பதையும் எழுதிவைத்தார். இனிமேல் யார் சுருதி சேர்த்தாலும் முதலில் மண்டபத்தை நிகழ்ச்சி நேரத்துச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அளந்து, அங்கே எழுதிவிட்டுத்தான் கத்தியைத் தொட வேண்டும் என்றார். இப்போது அந்தக் கதவில் இரண்டு பத்தியாக எண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. சரிபாதி என் கையெழுத்து.

ஆறு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தபோது கட்டை பிடிக்க நான்தான் உட்கார்ந்தேன். வெளியே நல்ல வெயில். அவர் உள்ளே போனார், வெப்பமானியைப் பார்த்தார், பென்சிலால் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. ஃப்ளூட்டையும் டிரம்பெட்டையும் இழுத்து ஒரு சுரம் கேட்டார். விம்மல் எழுந்தது. குழாய்களுக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது: "ரீட் இறங்கியிருக்கிறது, தம்பி. ஏ-வைப் பிடி."

பிடித்தேன்.